சொராரிட்டி ஆலோசகர் என்பவர் வார்டனா?

"அமெரிக்காவில் மகள் சேர்ந்திருக்கும் மாணவியர் சங்கத்துக்கு, அதாவது சொராரிட்டிக்கு, 'அலம்னா அட்வைசர்' என்று ஒரு அம்மா வருகிறாராம். அவர் வார்டனா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. படித்து முடித்துப் போன பழைய உறுப்பினர் அவர். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. தலைவர், பொருளாளர் எல்லாம் மாணவிகளே. முடிவும் அவர்களுடையது.

பணத்தில்தான் இவருக்கு உண்மையான வேலை என்பேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி அத்தனை பேரின் சந்தாக் கணக்கையும் பார்க்கிறாள். "மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டாய், சரி. நாலு பேர் சந்தா தராவிட்டால் மீதியை எப்படிக் கட்டுவாய்?" என்று கேட்டுவிட்டு ஆலோசகர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பதிலையும் தானே சொல்லிவிடும் அக்காக்கள் உண்டு. அப்புறம் அடுத்த வருஷமும் அதே குழப்பம்தான்.

வாயை மூடக் கூடாத இடம், புதிதாகச் சேரும் பெண்களைப் படுத்தும் ராகிங். அங்கே அதை ஹேசிங் என்பார்கள். காதில் விழுந்தால் சங்கத் தலைமையகத்துக்கும் கல்லூரிக்கும் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பரில் கையெழுத்தான அமெரிக்க மத்தியச் சட்டம், ஹேசிங் சம்பவங்களைக் கல்லூரிகள் தங்கள் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் காட்டச் சொல்கிறது.

கமலா ஹாரிஸ் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டி 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அந்தச் சங்கத்தில், பட்டம் வாங்கிய உறுப்பினர்களுக்கென்றே தனிக் கிளைகள் இருக்கின்றன. மாணவியர் கிளைக்கு வழிகாட்ட ஆள் வருவது அந்தக் கிளைகளிலிருந்துதான்.