நூலோடு வந்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

18ஆம் நூற்றாண்டில் பசிபிக் பெருங்கடலிலுள்ள ஈஸ்டர் தீவுக்கு வந்த ஐரோப்பியர்களைத் தீவு மக்கள் தெய்வங்கள் என்று நினைத்துவிட்டார்கள் என எங்கோ படித்த ஞாபகம். உண்மையா? நம்மிடம் இருப்பதெல்லாம் கப்பல்காரர்கள் எழுதியதுதானே, தீவு மக்கள் தரப்பில் ஏதாவது பதிவு உண்டா?

க.

அன்புள்ள க.,

தெய்வக் கதையை நான் நம்பவில்லை. கப்பல்காரர்களின் குறிப்புகளே அதற்கு எதிராகத்தான் பேசுகின்றன.

1722 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. டச்சுக்காரரான யாக்கோப் ரொக்கவேன் மூன்று கப்பல்களோடு தீவைக் கண்டார். அவருடைய ஆட்கள் கரையிறங்கும் முன்பே தீவுக்காரர் ஒருவர் கப்பலுக்கு வந்துவிட்டார். கண்ணாடியைக் காட்டியதும் திடுக்கிட்டார், அதன் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். இதைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆனால் பாய்மரம், கயிறுகளின் தடிமன், பாய், பீரங்கி என்று ஒவ்வொன்றையும் அவர் நிதானமாக ஆராய்ந்ததும் அதே குறிப்பில் இருக்கிறது.

அவர் ஏன் அப்படிப் பார்த்தார்? தீவில் பெரிய மரங்கள் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்த காலம் அது. சின்னச் சின்னப் பலகைத் துண்டுகளை இழைகளால் தைத்துத்தான் ஓடம் செய்தார்கள். தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், இறைத்துக்கொண்டே போக வேண்டும். இத்தனைக்கும் ஓடம் ஓட்டித்தான் அவர்களுடைய முன்னோர் பெருங்கடலைக் கடந்து அந்தத் தீவுக்கே வந்தார்கள். அப்படிப்பட்ட வழியில் வந்தவர் அத்தனை மரத்தையும் கயிற்றையும் ஒரே இடத்தில் பார்த்தால் ஆராயாமல் என்ன செய்வார்?

சில நாள் கழித்து ரொக்கவேனின் ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆயுதங்களோடு கரையிறங்கினார்கள். பின்வரிசையில் யாரோ சுடத் தொடங்க, பத்துப் பன்னிரண்டு தீவு மக்கள் செத்து விழுந்தார்கள். அப்புறம் மக்கள் கோழியும் கரும்பும் வாழைத்தாரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இதைப் பக்தி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொந்தக்காரர்களின் பிணங்கள் கிடக்கும்போது, மீதி உயிர்களைக் காப்பாற்றக் கொடுத்தது அது.

1786இல் பிரெஞ்சுக்காரர் லா பெரூஸ் வந்தபோது அவருடைய ஆட்களின் தொப்பிகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். தெய்வம் என்று நம்பியிருந்தால் தலையில் கை வைப்பார்களா? அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. நங்கூரம், வடம், திசைகாட்டி, சுக்கான் சக்கரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனவர்கள், மறுநாள் ஒரு நூலோடு வந்து அவற்றைத் திரும்ப அளந்தார்களாம். முதல் நாள் எடுத்த அளவைச் சரிபார்க்கத்தான் வந்திருக்க வேண்டும்.

சரி, அவர்கள் தரப்புப் பதிவு. தீவின் ரானோ ரராக்கு மலையில், மொவாய் எனப்படும் பெரிய கற்சிலைகளில் ஒன்றின் உடம்பில் பாய்மரக் கப்பல் செதுக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கப்பல், எந்த ஆண்டு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அதைவிட முக்கியமானது மண் கப்பல். மண்ணைக் கப்பல் வடிவில் குவித்து, அதன்மேல் ஏறி நின்று ஐரோப்பிய மாலுமிகளைப்போல் நடித்துக் காட்டும் வழக்கம் தீவில் இருந்தது. 1914இல் அங்கே போன பிரிட்டிஷ் ஆய்வாளர் கேத்தரின் ரௌட்லெட்ஜ் அதை விசாரித்து எழுதிவைத்திருக்கிறார். கப்பல்காரர்கள் தீவு மக்களைப் பற்றி எழுதினார்கள் என்றால், தீவு மக்கள் கப்பல்காரர்களை நடித்தே பதிவு செய்தார்கள். உங்கள் கேள்விக்கு நான் முதலில் காட்டுவது அந்த மண்மேடுகளைத்தான்.