ஆலைச் சுடரும் குழந்தையின் இளைப்பும்

கேள்வி: மணலிப் பக்கம் உள்ள ஓர் ஆலையின் உயரமான குழாயில் சில இரவுகளில் தீ பெரிதாக எரிகிறது. வானம் சிவந்து, அழுகிய முட்டை வாடை வருகிறது. விடிந்ததும் என் ஏழு வயது மகளுக்கு இளைப்பு வந்துவிடுகிறது. செல்பேசியில் பார்த்தால் காற்றின் தரம் 'திருப்திகரம்' என்றே காட்டுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? இன்ஹேலர் கொடுத்தால் பழகிவிடும் என்று மாமியார் தடுக்கிறார். என்ன செய்வது?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: தொடர்பு இருக்கவே வாய்ப்பு அதிகம். நீங்கள் பார்ப்பது 'ஃப்ளேர்' எனப்படும் பாதுகாப்பு அமைப்பு. வாயுவை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸர் நின்றாலோ மின்சாரம் தடைப்பட்டாலோ கலன்களில் அழுத்தம் ஏறும்; அந்த வாயுவை வெடிக்க விடாமல் மேலே அனுப்பி எரிக்கிறார்கள். 1984-ல் போபாலில் விஷவாயு வெளியேறிய இரவில், பழுதுபார்ப்புக்காகக் குழாய் கழற்றப்பட்டிருந்ததால் ஃப்ளேர் பயன்படாமல் கிடந்தது. ஆகவே ஃப்ளேர் இருப்பது தவறில்லை. அது அடிக்கடி பெரிதாக எரிய வேண்டிய அளவுக்கு இயந்திரங்கள் பழுதாவதுதான் கவலைக்குரியது. புகையில்லாமல் எரிவதற்காகத் தீயில் செலுத்தும் நீராவி சரியாகக் கலக்காமல் கரும்புகை எழுந்தால் எரிதல் முழுமையாகவில்லை என்று பொருள். அப்போது கரித்துகளும் பென்சீன் போன்ற எரியாத வாயுக்களும் வெளிவருகின்றன. கந்தகம் கலந்த வாயு எரியும்போது கந்தக டை ஆக்சைடு உண்டாகிறது. இரவில் தரைக்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், மணலியின் புகை உங்கள் பக்கம் வருவது இயல்பே.

செல்பேசி காட்டும் குறியீட்டில் கந்தக டை ஆக்சைடுக்கும் நுண்துகளுக்கும் 24 மணி நேரச் சராசரியே கணக்கு. நள்ளிரவில் ஒரு மணி நேரம் கொட்டிய புகை மீதி 23 மணி நேரக் காற்றோடு சேர்ந்து கணக்கில் கரைந்துவிடும். ஆனால் ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய் சில நிமிடங்களிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடும், பென்சீனும் அந்தக் குறியீட்டின் எட்டு மாசுகளில் இல்லவே இல்லை. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்றாலும், அது பல ஆண்டுகள் தொடர்ந்து சுவாசிப்பதைப் பொறுத்தது. ஓர் இரவை நினைத்து அஞ்ச வேண்டாம்.

வாடை வரும்போது சன்னல்களை அடைத்துவிட்டு, காற்று தெளிந்ததும் திறந்துவிடுங்கள். அடைத்த அறையில் கொசுவர்த்திச் சுருளையோ சாம்பிராணியையோ ஏற்றவே கூடாது. வெளிப்புகைக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு, குழந்தையின் தலைமாட்டில் சுருளைக் கொளுத்தி வைத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், கொசுவலை போதும். என்95 முகக்கவசம் துகள்களைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வாடை குறைந்துவிட்டதாகத் தோன்றினாலும் நம்பிவிடாதீர்கள், ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். கண் எரிச்சலோ தலைச்சுற்றலோ வந்தால், காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து அந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கசிந்தது போல அம்மோனியாவாக இருந்தால், அது நீரில் கரையும் என்பதால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது ஓரளவு உதவும்.

உங்கள் மாமியாரிடம் பொறுமையாக இதைச் சொல்லுங்கள். இளைப்பை உடனே தணிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் மருந்து. அதே மருந்தின் 2 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் அதைப்போல 20 மடங்கு இருக்கிறது. அதுவும் நுரையீரலுக்கு மட்டுமன்றி உடல் முழுவதற்கும் போகிறது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் மருந்து அன்று. ஆனால் அடிக்கடி இளைப்பு வரும் குழந்தைக்கு அது மட்டும் போதாது. மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தணிக்கும் தடுப்பு இன்ஹேலரும் தினசரி தேவைப்படலாம். அதைக் குழந்தைநல மருத்துவர் முடிவு செய்வார். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளிழுத்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

ஒரு நோட்டில் தீ பெரிதான நாள், நேரம், புகையின் நிறம், வாடை, மகளுக்கு இருமலோ இளைப்போ தொடங்கிய நேரம் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். சராசரிக் கணக்கில் காணாமல் போகும் அந்த ஒரு மணி நேரத்துக்கு இதைவிட நல்ல சாட்சி உங்களிடம் இருக்க முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதும் புகாரோடு அதன் நகலை இணையுங்கள்; அந்த நேரத்தில் ஆலையில் என்ன பழுது என்று கேளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நோட்டோடு இன்ஹேலரையும், அதில் பொருத்தி மருந்தை இழுக்க உதவும் ஸ்பேசர் குழாயையும் எடுத்துச் சென்று, மகள் மருந்தை இழுக்கும் முறை சரிதானா என்று அவர் முன்னிலையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.