கடுகா வென்றது?

வணக்கம். ஒரே தொட்டியில் நாலு கடுகும் நாலு வெந்தயமும் விதைத்தேன். ஒரு மாதத்தில் கடுகு ஓங்கிவிட்டது, வெந்தயம் சோகையாக நிற்கிறது. வெளிச்சத்துக்கான போட்டியில் கடுகு வென்றது என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா?
மதி

அன்புள்ள மதி,

இப்போதைக்குச் சொல்ல முடியாது. அந்த மண்ணில் வெந்தயம் தனியாக இருந்தாலும் சோகையாகத்தான் இருந்திருக்குமோ என்னவோ! ஒப்பிடத் தொட்டி இல்லையே.

நாலுக்கு நாலு தொட்டியோடு, வெந்தயம் மட்டும் நாலு, வெந்தயம் மட்டும் எட்டு என்றும் வையுங்கள். வகைக்கு ஐந்து தொட்டி, எல்லாம் ஒரே நாளில் விதைத்தது. கடைசியில் வெந்தயத்தை வெட்டி, எடை குறையாமல் நிற்கும்வரை உலர்த்தி, செடிக்குச் சராசரி எடை பாருங்கள். பச்சை எடை வேண்டாம். அன்றைக்கு ஊற்றிய தண்ணீரையும் சேர்த்து நிறுத்துவிடுவீர்கள்.

தனி நாலைவிடக் கலப்பில் குறைந்தால், அந்தக் குறைவு கடுகின் வேலை. ஆனால் எட்டு வெந்தயத் தொட்டியில் அதைவிடவும் குறைந்திருந்தால்? வெந்தயத்துக்குக் கடுகைவிட வெந்தயமே பெரிய எதிரி. ஒரே இனத்துக்கு ஒரே தேவை, ஒரே ஆழத்தில் வேர். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

அடுத்து, வெளிச்சமா வேரா என்பது. தொட்டி நடுவே அடிவரை தகடு வைத்து இடுக்கை அடைத்துவிட்டால், மேலே நிழல் மட்டும் மிஞ்சும். வடிகால் துளைக்கு அருகே இடுக்கு விட்டால் வேர் அங்கே நுழைந்துவிடும், சோதனை வீண். வெளிச்சப் போட்டி ஒருதலையானது: உயர்ந்தது தாழ்ந்ததை மறைக்கும், திரும்ப மறைக்காது. நாலு நாள் முந்தி முளைத்ததே ஜெயித்துவிடலாம்.

சத்துக்கான போட்டியில் கணக்கு வேறு. யார் வேகமாக எடுக்கிறார்கள் என்பதைவிட, யார் குறைந்த அளவில் பிழைக்கிறார்கள் என்பதே தீர்க்கும். சூழலியலாளர் டில்மன் 1981-இல் வெளியிட்ட சோதனையில், சினெட்ரா என்ற டயட்டம் பாசி (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) நீரிலுள்ள சிலிக்கேட்டை, ஆஸ்டெரியோனெல்லா என்ற இன்னொரு டயட்டம் தாங்காத அளவுக்குக் குறைத்தே அதை ஒழித்தது. அதே ஆஸ்டெரியோனெல்லா, அவருடைய வேறொரு சோதனையில், சைக்ளோடெல்லா என்ற டயட்டத்தோடு சேர்ந்து வாழ்ந்தது. ஆனால் தனக்குச் சிலிக்கேட்டும் மற்றதற்குப் பாஸ்பேட்டும் தட்டுப்படும் விகிதத்தில் மட்டும்.

வெந்தயத்தைப் பிடுங்கும்போது வேரையும் பாருங்கள். முடிச்சு (பாக்டீரியா வாழும் சின்ன உருண்டை) இருந்தால் வெந்தயம் அதன் வழியாகக் காற்றிலுள்ள நைட்ரஜனையும் பயன்படுத்திக்கொள்கிறது. நைட்ரஜன் குறைந்த மண்ணில் விதைத்தால் முடிவு தலைகீழாகக்கூடும். அப்படிப்பட்ட மண்ணில் கலப்புத் தொட்டி ஐந்தையும் சேர்த்தே வையுங்கள்.