டிகிரி இல்லாமல் இங்கிலாந்தில் எஸ்டேட் ஏஜென்ட் ஆக முடியுமா?

தம்பி, மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து, அவருடைய டிபெண்டன்ட் விசாவில் நீங்கள் லண்டன் ஹாரோவுக்கு வந்திருக்கிறீர்கள். பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். ஊரில் மொபைல் ஷோரூமில் விற்பனை வேலை பார்த்திருக்கிறீர்கள். இங்கே எஸ்டேட் ஏஜென்ட் வேலைக்கு ‘அனுபவம் தேவையில்லை’ என்று விளம்பரம் வருகிறதே, அது நிஜமா, அதற்கு முன்னால் பணம் கட்டி ஏதாவது கோர்ஸ் படிக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

நிஜம்தான். இங்கிலாந்தில் இந்த வேலைக்கு லைசென்ஸும் கிடையாது, கட்டாயப் படிப்பும் கிடையாது. 1979ஆம் ஆண்டு வந்த எஸ்டேட் ஏஜென்ட்ஸ் சட்டம், நடத்தையால் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவர் என்று தெரியவந்த ஆளைத் தொழிலிலிருந்து தடை செய்யும். உள்ளே வருகிறவரிடம் சான்றிதழ் கேட்காது. 2019இல் லார்ட் பெஸ்ட் தலைமையில் அரசு அமைத்த குழு, ஏஜென்ட்களுக்குக் குறைந்தது லெவல் 3 (ப்ளஸ் டூ அளவு) படிப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் வாடகை வீட்டுத் தொழிலுக்குப் பதிவு, பயிற்சி என்று தனி விதிகள் உண்டு. அங்கே குடிபெயர்ந்தால் அதைப் பாருங்கள்.

ஆகவே கோர்ஸுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். ஏஜென்ட்களின் சங்கமான புராப்பர்ட்டிமார்க் நடத்தும் படிப்புகள் நல்லவைதான். ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு படித்தால்தான் அதில் சொல்வது புரியும். சில கம்பெனிகள் தாங்களே கட்டணம் கட்டிப் படிக்க வைக்கும்.

அந்தப் பணத்தை டிரைவிங்கில் போடுங்கள். இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். லண்டனுக்குள் சில பிராஞ்ச்களில் நடந்தோ பஸ்ஸிலோ சமாளிக்கலாம். ஹாரோ, ஸ்டான்மோர் பக்கம் அரை மணிக்கு ஒரு வியூவிங் (வீடு காட்டுவது) என்று ஓட வேண்டியிருக்கும், கார் இல்லாமல் நடக்காது. பெரும்பாலான விளம்பரங்களில் முழு யுகே லைசென்ஸ் என்று போட்டிருப்பது அதனால்தான். இந்திய லைசென்ஸ் வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதை மாற்றித் தரமாட்டார்கள், தியரி, பிராக்டிகல் இரண்டும் எழுதி ஓட்டித் தேறியே ஆக வேண்டும். பிராக்டிகல் தேதி கிடைக்க மாதக்கணக்காகும். புரொவிஷனல் லைசென்ஸுக்கு (நம் ஊர் எல்எல்ஆர் மாதிரி) இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்தது, விற்பனையில் சேர்வதா, வாடகைப் பக்கம் சேர்வதா என்பது. எல்லோருக்கும் விற்பனை மேல்தான் கண். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,50,000 பவுண்டு வீடு, 1.25 சதவீதக் கமிஷன் என்றால் கம்பெனிக்கு 5,625 பவுண்டும் அதற்கு மேல் வாட் (VAT) வரியும் வரும். அதில் உங்கள் பங்கு பத்து சதவீதம் என்று வைத்தாலும் வரிக்கு முன் 562 பவுண்டு. அதுவும் விலை பேசி முடித்த நாளில் கைக்கு வராது. இங்கே ஆஃபரை ஏற்றுக்கொண்ட பிறகும் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும்வரை, அதாவது எக்ஸ்சேஞ்ச் வரை, வாங்குபவரும் விற்பவரும் ஒரு காரணமும் சொல்லாமல் விலகலாம். நடுவில் சர்வே, மார்ட்கேஜ், சொலிசிட்டர்கள். வாங்குபவர் தன் பழைய வீட்டை விற்க வேண்டும், அதை வாங்குபவர் தன் வீட்டை விற்க வேண்டும் என்று சங்கிலி நீளும். எங்கோ மூன்றாவது வீட்டில் ஒருவருக்கு லோன் மறுக்கப்பட்டால் உங்கள் கமிஷனும் போச்சு. மாதங்கள் கழித்து வரவேண்டிய பணத்தை நம்பி வாடகை கட்ட முடியாது. மனைவியின் சம்பளத்தில் குடும்பம் ஓடும் இந்த நேரத்தில் லெட்டிங்ஸில், அதாவது வாடகைப் பக்கம் சேருங்கள். வாடகை வீடு சில வாரங்களில் முடிந்துவிடும், கமிஷனும் சிறிது சிறிதாக ஆனால் சீக்கிரம் வரும். தொழிலின் அடிப்படையும் அங்கேதான் பிடிபடும்.

ஆங்கிலம் பற்றிப் பயந்து எழுதியிருந்தீர்கள். உச்சரிப்பு ஒரு பிரச்சினையே இல்லை. போனில் சொல்லும் முகவரியையும் போஸ்ட்கோடையும் தப்பில்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும், வியூவிங் முடிந்த அன்றே வீட்டுக்காரருக்கு நாலு வரி மெயில் போட வேண்டும். இதைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு, அதனால் செய்கிறவர் சீக்கிரம் கண்ணில் படுவார். தமிழோடு ஹிந்தியும் கொஞ்சம் தெரியும் என்றால் ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்ட் பக்கம் அதற்கு மதிப்பு உண்டு. சிவியில் எழுத மறக்காதீர்கள்.

ஆனால் அந்த மொழி கொண்டுவரும் தொல்லையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த செய்தி பரவியதும் கோயிலில், பிறந்தநாள் விழாவில், எல்லா இடத்திலும் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். ஒரு வீட்டுக்காரர், ‘நம்ம ஆட்களுக்கு மட்டும் கொடுங்க தம்பி’ என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். அதை நீங்கள் செய்தால் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி இனப் பாகுபாடு. சொன்னவர் மட்டுமல்ல, செய்த ஏஜென்ட்டும் மாட்டுவார். எனக்கு இப்படி வந்தபோது, ‘அண்ணே, அப்படி என்னால் செய்ய முடியாது, வாடகை ஒழுங்காகக் கட்டக்கூடியவரை ரெஃபரன்ஸ் பார்த்துத் தருகிறேன்’ என்பேன். அநேகம் பேர் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் வீட்டையே வேறு ஏஜென்சிக்கு மாற்றிவிட்டார். போகட்டும்.

இன்னொருவர், ‘பையன் விசா புதுப்பிக்கப் போட்டிருக்கிறான், பேப்பர் அப்புறம் தருவான், சாவியைக் கொடுங்க’ என்பார். இங்கிலாந்தில் வாடகைக்கு விடும் முன் 18 வயது நிறைந்த ஒவ்வொருவரும் இங்கே தங்க உரிமை உள்ளவரா என்று பார்ப்பது கட்டாயம். அந்தச் சோதனையை ஏஜென்சி பொறுப்பேற்றிருந்தால், தவறும்போது முதல் தடவையே ஓர் ஆளுக்கு 10,000 பவுண்டு வரை அபராதம் விழலாம். விசா விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் ஹோம் ஆபீஸிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. பேப்பரோ அந்த உறுதியோ வரட்டும், பிறகுதான் சாவி.

வீடு காட்டியதற்குக் கையில் இருபது பவுண்டு திணிப்பவர்களும் உண்டு. வாங்காதீர்கள். ஊரில் தரகர் இரண்டு பக்கமும் வாங்குவார், யாரும் தவறாக நினைப்பதில்லை. இங்கே 2019 ஜூன் முதல் வாடகைக்கு வருபவரிடம் வாங்கக்கூடியவை எவை என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது, ஏஜென்ட் கட்டணம் அதில் இல்லை. 2026 மே 1 முதல் விளம்பரம் செய்த வாடகைக்கு மேல் கேட்பதோ, அவர்களாகவே கூட்டித் தந்தால் ஏற்பதோ கூடாது. உங்கள் கூடப்பிறந்த அண்ணனே உங்கள் பிராஞ்ச் விற்கும் வீட்டை வாங்க வந்தால் அந்த உறவை விற்பவரிடம் உடனே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். மறைத்தால் அது 1979 சட்டத்தை மீறியதாகும்.

சம்பளம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஓடிஇ (OTE) என்று ஒரு தொகை இருக்கும். அது டார்கெட் எட்டினால் வரக்கூடிய பணம், சம்பளம் இல்லை. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம், சனிக்கிழமைகள் எப்படி என்றும் கேட்டு, ஒரு மணிக்கு எவ்வளவு வருகிறது என்று வகுத்துப் பாருங்கள். 21 வயது நிறைந்தவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 12.71 பவுண்டு. முதல் சில மாதங்கள் உறுதியாகத் தரும் கமிஷன் பிறகு கழிக்கப்படுமா, வேலையை விட்டால் முடியாமல் நிற்கும் வீடுகளின் கமிஷன் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் மழுப்பினால் அடுத்த கடையைப் பாருங்கள்.

அடிப்படைச் சம்பளமே இல்லாமல் சுயதொழிலாகச் சேரச் சொல்லும் இடங்கள் உங்களுக்கு இப்போது வேண்டாம். ஆளும் பழக்கமும் சேர்ந்தவர்களுக்கு அது சரி. ஸ்டூடன்ட் விசாவில் இருக்கும் உங்கள் நண்பரும் கேட்டதாகச் சொன்னீர்களே, அவருக்கு அது சட்டப்படியே முடியாது, சுயதொழில் அந்த விசாவில் தடை. இந்த வேலையைக் காட்டி ஸ்கில்டு ஒர்க்கர் விசா வாங்கலாம் என்று யாராவது பணம் கேட்டாலும் நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு 41,700 பவுண்டு. கமிஷனை அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

வேலை தேடும்போது இணையத்தில் மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். செவ்வாய், புதன் காலை பத்தரைக்கு மேல் ஸ்டேஷன் ரோட்டிலும் பக்கத்து ஹை ஸ்ட்ரீட்களிலும் உள்ள பிராஞ்ச்களுக்கு நேரே போய் மேனேஜரைக் கேளுங்கள். திங்கள் காலையும் சனிக்கிழமையும் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. முழுநேர இடம் இல்லை என்றால் சனிக்கிழமை வியூவிங் காட்ட ஆள் வேண்டுமா என்று கேளுங்கள், நானும் அப்படித்தான் உள்ளே போனேன். போகும் முன் அவர்கள் ரைட்மூவ் என்ற வீட்டு விளம்பர இணையதளத்தில் போட்டிருக்கும் வீடுகளில் நாலைந்தைப் பார்த்து, வாடகை எவ்வளவு, எந்தத் தெரு என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஃபர் லெட்டர் வந்தால் கையெழுத்துப் போடுமுன் கமிஷன் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.