உறைந்த ஆட்டுத்தொடை எபிசோட்: தேடும் தொடர்தான் தவறு

உறைந்த ஆட்டுத்தொடையால் கணவனை அடித்துக் கொன்று, அதையே சமைத்துப் போலீஸுக்குப் பரிமாறும் மனைவியின் கதையை திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'ஹிட்ச்காக் ஹவர்' (Hour) டிவி தொடரின் பட்டியலில் தேடியிருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரத் தொடர் 1962இல்தான் தொடங்கியது. நீங்கள் தேடும் எபிசோட் இருப்பது அதற்கு முந்தைய அரை மணி நேரத் தொடரில், 'ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் பிரசன்ட்ஸ்'. மூன்றாம் சீசன், 1958 ஏப்ரல், தலைப்பு 'லாம்ப் டு தி ஸ்லாட்டர்'. கலரில் கிடைத்தால் அது 1979இல் வந்த பிரிட்டிஷ் வடிவம், வேண்டாம்.

அப்புறம், அவள் மாட்டிக்கொண்டதாக நினைவு என்கிறீர்களே, அதுவும் ஒருவகையில் சரிதான். கதைக்குள் சிரித்துக்கொண்டே தப்பிக்கிறாள். ஆனால் முடிவில் ஹிட்ச்காக் வந்து, இரண்டாவது கணவனையும் அதே மாதிரி கொல்லப் பார்த்து மாட்டிக்கொண்டாள், அவன் ஃப்ரீசரை பிளக்கில் மாட்ட மறந்ததால் கறி இளகிப்போனது என்பார். சென்சாருக்கான சமாளிப்பு போலத்தான் எனக்குப் படுகிறது!