அமைதியான பெண்ணுக்கும் ஏ.டி.எச்.டி. இருக்குமா?

கேள்வி: டாக்டர், என் மகள் ஆறாம் வகுப்பு. குறும்பே கிடையாது. ஆனால் மார்க் குறைகிறது, வாரம் ஒரு பொருளைத் தொலைக்கிறாள், மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறாள். என் அண்ணன் மகனுக்கு ஏ.டி.எச்.டி. உண்டு, அவன் ஓரிடத்தில் நிற்க மாட்டான். இவளுக்கும் அதுவா, வெறும் சோம்பலா?

பதில்: ஏ.டி.எச்.டி.யாக இருக்கலாம். கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் கொண்ட குறைபாட்டைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஓட்டமும் குதியும் இல்லாமல் கவனக்குறைவு மட்டுமே மேலோங்கிய வகையும் உண்டு. பெண் பிள்ளைகளிடம் அதைத்தான் அதிகம் பார்க்கிறோம். பெஞ்சு மேல் ஏறும் பையனைப் பற்றி டீச்சர் முதல் வாரமே சொல்லி அனுப்புவார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணால் யாருக்கும் தொந்தரவில்லை, அதனால் விட்டுப்போகிறது.

அவள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். போர்டைப் பார்த்து எழுதியது பாதி வரியில் நிற்கிறதா? கணக்கில் வழிமுறை சரியாக இருந்தும், கூட்டலைக் கழித்தலாகப் படித்து விடை தப்புகிறதா? "பையை வைத்துவிட்டு, யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு, டிபன் பாக்ஸைக் கொண்டு வா" என்றால், பையை வைத்ததோடு நிற்கிறாளா? துறுதுறுப்பும் இவர்களிடம் வேறு மாதிரி வரும்: ஓயாத பேச்சு, பின்னல் நுனியைத் திருகிக்கொண்டே இருப்பது. சிலர் பள்ளியில் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒன்றுமில்லாததற்கு அழுவார்கள். படம் வரைய மட்டும் மணிக்கணக்கில் உட்காருகிறாளே என்பீர்கள். பிடித்த வேலையில் அப்படித்தான்.

இதெல்லாம் எல்லாப் பிள்ளைகளிடமும் எப்போதாவது உண்டு. 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீட்டிலும் பள்ளியிலும் தெரிந்து, அன்றாடத்தைப் பாதித்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வோம். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. ஆனால் வேறு காரணங்களாலும் இப்படி ஆகலாம் என்பதால் பார்வை, காது, தூக்கம், ரத்தசோகை, தைராய்டு, வாசிப்புச் சிரமம், மனப்பதற்றம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி, தொட்டாலும் உணராமல் இருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம்.

இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. பிள்ளையைக் காட்ட வந்து, "டாக்டர், சின்ன வயதில் நானும் இப்படித்தான்" என்று சொன்ன அம்மாக்கள் நிறைய.

குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படாது, அதை அப்புறம் முடிவு செய்யலாம். அதுவரை ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். வகுப்பில் முன் வரிசை கேட்டு வாங்குங்கள். போகும்போது ஒன்றாம் வகுப்பிலிருந்து உள்ள ரிப்போர்ட் கார்டுகளை மறக்காதீர்கள். 'கவனம் போதாது' என்ற குறிப்பு எந்த வகுப்பில் தொடங்கியது என்று டாக்டர் தேடுவார்.