கிராமத்தில் இருப்பவருக்கு காம்பாக்ட் எஸ்யூவி தேவையா, இல்லை வெறும் பந்தாவா? வாங்கி சில மாதம் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

கேள்வியில் 'பந்தா' என்ற வார்த்தை இருப்பதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். வண்டி எடுத்து வந்த அன்று, சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழம் வாசலில் கிடக்கும்போதே, சொந்தப் பெரியப்பா அதே வார்த்தையைத்தான் சொன்னார். "நம்ம வாய்க்காங்கரைக்கு எதுக்குடா இம்மாம் பெரிய வண்டி, பந்தாவுக்குத்தானே" என்று என் அம்மா முன்னாலேயே கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

நீங்களும் என் நிலைமையில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் ஒரு பழைய சின்னக் கார், வயதான அப்பாவோ அம்மாவோ, ஊருக்குள் வர ஒற்றைச் சாலை, பேச நாலு சொந்தக்காரர்கள். அப்படி இல்லையென்றால் இந்தப் பதில் உங்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம், பாமணி ஆற்றங்கரை ஓரம். வண்டி கைக்கு வந்தது 2025 நவம்பர் கடைசியில், இதுவரை 3,400 கி.மீ. ஓடியிருக்கிறது. 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல், கையால் போடும் ஆறு கியர். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கீழே அந்தக் கம்பெனி ஆட்களும் எதிர்க் கம்பெனி ஆட்களும் சண்டை போடுவார்கள், கேட்டவருக்குப் பதில் போய்ச் சேராது. மூன்று மாதத்தில் ஒரு வண்டியின் ஆயுளைப் பற்றிப் பேச முடியாது என்பதும் தெரியும், அதனால் ஓட்டிப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

வாங்கியதற்கு ஒரே காரணம் அம்மாவின் முட்டி. பழைய காரில் 11 வருடம் ஓட்டினோம், நல்ல வண்டி, குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அதன் சீட் தரையோடு தரையாக இருக்கும். அம்மா ஏறுவது குழிக்குள் இறங்குவது போல. ஒரு கையால் கதவைப் பிடித்து, மறு கையால் என் தோளைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு தொப்பென்று விழுவார். இறங்கும்போது இன்னும் மோசம், இரண்டு முறை எழுந்து பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்து, மூன்றாவது முறைதான் வெளியே வருவார். தஞ்சாவூருக்கு முட்டிக்குக் காட்டப் போன இடத்தில், ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் பார்க்க அப்படி இறங்கினது அவருக்கு ரொம்ப அவமானமாகிவிட்டது. அதற்கப்புறம் கல்யாணம் காட்சி என்று எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போய்ட்டு வாங்க" என்றுதான் சொல்வார்.

அதனால் ஷோரூமுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். விற்பனைப் பையன் திரையின் அளவு, சன்ரூஃப், எட்டு ஸ்பீக்கர் என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் அம்மாவை ஏறி இறங்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு நாளில் நாலு வண்டி பார்த்தோம். ஒன்றில் கூரை பின்பக்கம் சரிந்து தலையில் இடித்தது. இன்னொன்றில் வாசற்படி அகலம், காலைத் தூக்கித் தாண்டி வைக்கவேண்டியிருந்தது. மூன்றாவது ரொம்ப உயரம், அதற்கு ஒரு முக்காலி வேண்டும். நாலாவதில் சீட் சரியாக அவர் இடுப்பு மட்டத்தில் இருந்தது. வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார், அப்படியே உட்கார்ந்தார், அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். என் தோளைப் பிடிக்கவே இல்லை. அதைத்தான் வாங்கினேன். இதைப் பந்தா என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

சரி, குறைக்கு வருகிறேன். உயரமாக இருப்பதால் இது ஜீப் மாதிரி எங்கேயும் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன். டிசம்பரில் ஒரு நாள் சாயங்காலம், நல்ல மழை விட்டிருந்த நேரம், ஆற்றங்கரைச் சாலையில் எதிரே மினி பஸ் வந்தது. பழைய காராக இருந்தால் பின்னால் எடுத்து மதகு அருகே ஒதுங்கியிருப்பேன். புது வண்டி, 200 மி.மீ. தரை இடைவெளி என்ற தைரியத்தில் இடது சக்கரங்களைக் கரையோர மண்ணில் இறக்கினேன். பஸ் போய்விட்டது, நான் போகவில்லை. நம் ஊர்க் களிமண் உங்களுக்குத் தெரியும், நனைந்தால் வெண்ணெய். இது முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி, இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான். இடது முன் சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் வண்டியில் இருக்கும் கட்டுப்பாடு தானாக இன்ஜின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. வழுக்கும் தார்ச்சாலையில் அது உயிரைக் காப்பாற்றும், ஆனால் சேற்றில் வண்டி அப்படியே நின்றுவிடும். அதை அணைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

தெரிந்த அண்ணன் ஒருத்தர் டிராக்டரோடு வந்தார். கயிற்றை எங்கே மாட்டுவது என்று தேடினால் முன்னால் எங்கும் கொக்கி இல்லை, வழவழவென்று பிளாஸ்டிக்தான். "எதுலண்ணே கட்டுறது" என்று கேட்டேன், அவர் கீழே குனிந்து ஆக்ஸில் பக்கம் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் கையேட்டைப் புரட்டினேன். டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் ஒரு சின்னப் பை, அதற்குள் திருகு வைத்த கனமான இரும்பு வளையம். முன் பம்பரில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு சதுர மூடி இருக்கும், அதை நெம்பி எடுத்தால் உள்ளே மரை. வளையத்தை அதில் கடைசி வரை திருகி, கயிறு மாட்டி, ஒரே இழுப்பில் வெளியே வந்தது. புது வண்டி எடுக்கிற அன்றே அந்த வளையம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்பதையும் பாருங்கள், இப்போது சிலதில் பஞ்சர் ஒட்டும் திரவம் மட்டும் கொடுக்கிறார்கள். டயரின் பக்கவாட்டு கிழிந்தால் ராத்திரி நேரத்தில் ஆற்றங்கரையில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

மைலேஜ் கேட்பீர்கள். திரையில் 15.6 காட்டும், நம்பாதீர்கள். ஒரே பங்க்கில், குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, மீட்டரைப் பூஜ்யம் ஆக்கி, மறுபடி நிரப்பும்போது கணக்குப் பார்த்தால் எனக்கு 14.1 வந்தது. ஊருக்குள் மட்டும் ஓட்டினால் 12தான். டர்போ இன்ஜின் கீழ் வேகத்தில் சோம்பலாக இருக்கும், வேகத்தடைக்கு வேகத்தடை இரண்டாவது கியருக்கு வந்து மிதிக்கவேண்டியிருக்கிறது, அங்கேதான் பெட்ரோல் போகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதும் ஒரு காரணம், எத்தனாலில் சக்தி குறைவு. சில்லறை எண்ணுபவன் என்று யாராவது சொல்லலாம். மாதச் சம்பளத்திலும் மூன்று ஏக்கரிலும் குடும்பம் நடத்துபவனுக்கு இது கணக்குதான்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். நிற்கும்போது இன்ஜின் தானாக அணையும் வசதி இருக்கிறதே, அதை அங்கே முதலிலேயே நிறுத்திவிடுங்கள். கேட்டில் மாட்டினால் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. இன்ஜின் அணைந்தால் ஏசி வெறும் காற்றாகிவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும், மறுபடி அணையும். பின்னால் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

டிக்கி பற்றி ஒரு வரி. 45 கிலோ யூரியா மூட்டை இரண்டு படுக்கும், ஆனால் விளிம்பு உயரம் என்பதால் பழைய காரைவிட அதிகம் தூக்கவேண்டும்.

பிப்ரவரியில் சம்பா அறுவடை நேரத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். கொரடாச்சேரி பக்கம் சாலையில் ஒரு பாதி முழுக்க நெல் காய்ந்தது, மறு பாதியில் வைக்கோல் சிந்திக் கிடந்தது. அதன்மேல்தான் எல்லா வண்டியும் போனது, நானும் போனேன். இரண்டு கி.மீ. தாண்டியதும் கருகும் வாடை. இறங்கிக் குனிந்து பார்த்தால் முன் சக்கர ஆக்ஸிலில் வைக்கோல் பிரி மாதிரி முறுக்கிச் சுற்றியிருக்கிறது, ஒரு கொத்து புகைக்குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே செருகி, நுனி பழுப்பாகிவிட்டது. வண்டியை அணைத்து, ஆறவிட்டு, குச்சியால் ஒவ்வொன்றாக இழுத்தேன். உயரமான வண்டி என்பதால் வைக்கோல் கீழே சிக்காது என்று நம்பவேண்டாம். அறுவடை முடியும்வரை வாரம் ஒரு முறை குனிந்து பாருங்கள், காய்ந்த வைக்கோல் மேல் சூடான வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு "ரோட்டில் நெல் காயப்போடுகிற விவசாயிக்குப் பொறுப்பில்லை" என்று எழுத வருபவர்களுக்குச் சொல்கிறேன், வேண்டாம். ஆளை வைத்து அறுத்த காலத்தில் அறுத்துப் போட்ட கதிர் வயலிலேயே கிடந்து காயும், அப்புறம் கட்டுக் கட்டிக் களத்துக்கு வரும். இப்போது இயந்திரம் ஒரு மணி நேரத்தில் அறுத்து ஈர நெல்லைக் கையில் கொடுத்துவிடுகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள். எங்கே காயப்போடுவது? நான் பள்ளிக்கூடம் போகும்போது எங்கள் தெருவுக்குப் போட்ட சிமெண்ட் களம் இன்றைக்கு வெடிப்பு விட்டு, பாதி புல் முளைத்துக் கிடக்கிறது. ஆடம்பரத்துக்கு யாரும் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டுவதில்லை. என் நெல்லும் அங்கே காய்ந்திருக்கிறது. இரவு முழுக்க பக்கத்தில் கல்லை வைத்து, சாக்கு விரித்துப் படுத்திருக்கிறேன். கார் வாங்கிவிட்டதால் எனக்கு அது மறந்துவிடவில்லை. கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் கார் பற்றிப் பேசும் இடத்தில் எல்லாம் இந்தப் பேச்சு வருவதால் சொல்லிவிட்டேன்.

விலை விஷயம். நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு முன் செஸ் என்ற கூடுதல் வரியோடு 29. ஆடியிலேயே வாங்கத் துடித்தவன் பொறுத்திருந்தது நல்லதாகிவிட்டது. காப்பீட்டை வண்டி விற்பவரிடமே எடுக்கவேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள், அது கட்டாயமில்லை. மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்து எடுப்பதுதான் கட்டாயம். வெளியே விசாரித்துச் சொன்னதும் அவர்களே தொகையைக் குறைத்தார்கள்.

தேவையா என்று கேட்டால், வீட்டில் முட்டி வலிக்காரர் இருந்தால் தேவை, அவரைக் கூட்டிப் போய் ஏற்றி இறக்கிப் பார்த்து வாங்குங்கள். சேற்றில் இறங்கத்தான் என்றால் இது அந்த வண்டி இல்லை. இரண்டுமே இல்லையென்றால் உங்கள் பழைய காரே போதும்.

பங்குனியில் வலங்கைமான் மாரியம்மன் கோயில் பாடைக் காவடித் திருவிழா வருகிறது. அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான், போன வருடம் வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். முந்தாநாள் காலையில் காலண்டரைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார், "தம்பி, அன்னைக்கு வண்டிய எத்தன மணிக்கு எடுப்ப?"